கவாய்த் தீவின் குழந்தைகள்: மீள்திறன் எங்கே இருக்கிறது?

1954ஆம் ஆண்டு. பசிபிக் பெருங்கடலில், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாய். கரும்பும் அன்னாசியும் விளைகிற தோட்டங்கள், அவற்றை நம்பிப் பிழைக்கிற ஜப்பானிய, பிலிப்பினோ, போர்த்துகீசிய வம்சாவளிக் குடும்பங்கள், தீவின் பூர்வகுடிகள். ஹவாய் அப்போது அமெரிக்காவின் ஒரு மாநிலமாகக்கூட ஆகியிருக்கவில்லை. அது நடந்தது 1959-இல்தான்.

அந்தத் தீவில் ஐந்து செவிலியர்களும் ஒரு சமூகப் பணியாளரும் வீடு வீடாகப் போனார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பெண்களுக்கு இதுவரை எத்தனை பிரசவம் ஆகியிருக்கிறது, இப்போது யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். 'இப்போது இல்லை' என்று சொன்ன வீடுகளில் ஓர் அட்டையையும், தபால்தலை ஒட்டத் தேவையில்லாத உறையையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். கர்ப்பம் என்று தோன்றியதும் சுகாதாரத் துறைக்கு அனுப்பினால் போதும். பெண்கள் சங்கங்களிலும் தேவாலயங்களிலும் வானொலியிலும் இதைப் பற்றிப் பேசினார்கள். வீட்டுக்கு வருகிற பால் அட்டைப்பெட்டியின் மேல்கூட, தாய்மார்கள் ஒத்துழைக்க வேண்டும் என்ற வேண்டுகோள் அச்சாகி வந்தது.

எதற்கு இத்தனை பாடு? ஒரு குழந்தைகூட விடுபடக் கூடாது என்பதற்காக. நோயுள்ள குழந்தை, ஆரோக்கியமான குழந்தை, பணக்கார வீடு, ஏழை வீடு என்று எந்த வித்தியாசமும் பார்க்காமல், 1955-இல் அந்தத் தீவில் பிறக்கிற அத்தனை பேரையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்கள் 698 பேர். நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்த அந்த ஆய்வுதான், இன்று மருத்துவ உளவியலிலும் குழந்தை நலத்திலும் அடிக்கடி காதில் விழுகிற ஒரு சொல்லுக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் ஒன்று. அந்தச் சொல் மீள்திறன்.

இந்தச் சொல்லை நாம் ரொம்பவே சுலபமாகப் பயன்படுத்துகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த பிள்ளையைப் பார்த்து, "அவனுக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு உறுதி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கவாய் ஆய்வு காட்டியது வேறு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த வீடு வீடான கணக்கெடுப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்று பார்க்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு சிறைக்குப் போய் அங்கிருக்கும் நூறு இளைஞர்களிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றி விசாரிக்கிறீர்கள். எண்பது பேர், "அப்பா குடிப்பார், அம்மாவை அடிப்பார்" என்கிறார்கள். உடனே நமக்கு என்ன தோன்றும்? குடிகார அப்பா வாய்த்தால் பிள்ளை சிறைக்குத்தான் போவான் என்று. ஆனால் அதே ஊரில் குடிகார அப்பாக்களுக்குப் பிறந்து, ஒழுங்காகப் படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனை பேர்? நமக்குத் தெரியாது. அவர்கள் சிறையிலும் இல்லை, மனநல மருத்துவரின் அறைக்கு வெளியிலும் காத்திருக்கவில்லை. நாம் கேள்வி கேட்கப் போன இடத்தில் அவர்கள் இருக்க வாய்ப்பே இல்லை.

பாதிக்கப்பட்டவரிடமிருந்து தொடங்கி, நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது பின்னோக்கிய ஆய்வு. வெகுகாலம் மருத்துவ உளவியல் பெரும்பாலும் இந்த வழியில்தான் போனது. மருத்துவர் பார்ப்பது தன்னிடம் வருகிறவர்களைத்தானே. அதனால் கெட்ட குழந்தைப் பருவத்துக்கும் கெட்ட முடிவுக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு இருப்பது போலவே தெரிந்தது. இதற்கு மறுதலையாக, எல்லாக் குழந்தைகளையும் பிறப்பிலிருந்தே பதிவு செய்து, யார் எப்படி ஆவார்கள் என்று தெரியாமலேயே கூடப் போய்க்கொண்டிருப்பது முன்னோக்கிய ஆய்வு. பணமும் பொறுமையும் நிறைய வேண்டும், பல பத்தாண்டுகள் பிடிக்கும். ஆனால் இதில்தான் நன்றாக ஆனவர்களும் கணக்கில் வருவார்கள்.

கவாய் ஆய்வு அந்த இரண்டாவது வகை. குழந்தைகளுக்கு 1, 2, 10, 18 வயதானபோதும், பிறகு முப்பதுகளின் தொடக்கத்திலும், 40 வயதிலும் விவரம் சேகரித்தார்கள். தொடக்கத்தில் ஜெஸ்ஸி பியர்மன், ஃபெர்ன் ஃபிரெஞ்ச் ஆகியோர் பொது சுகாதாரத் தரப்பிலிருந்து உழைத்தார்கள். உளவியலாளர் எம்மி வெர்னர் ஆய்வின் முகமாகவே ஆனார். கவாயில் வாழ்ந்த மருத்துவ உளவியலாளர் ரூத் ஸ்மித் பல பத்தாண்டுகள் அவரோடு இணைந்து வேலை செய்தார். வெர்னர் 1929-இல் ஜெர்மனியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரைச் சிறுமியாக அனுபவித்தவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 2017-இல் இறந்தார். இடிந்த ஊர்களில் வளர்ந்த ஒரு சிறுமி, பிற்காலத்தில் 'இடிபாடுகளுக்கு நடுவில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள்' என்று கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஆய்வு தொடங்கியபோது யாரும் மீள்திறனைத் தேடிப் போகவில்லை. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் ஏற்படுகிற சிக்கல்கள் குழந்தையின் வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி. சுத்தமான குழந்தை மருத்துவக் கேள்வி. ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் செவிலியர்கள் கர்ப்பிணிகளைப் பார்த்துப் பேசினார்கள். குழந்தைக்கு 20 மாதம் ஆனபோது குழந்தை மருத்துவர் ஒரு தடவையும் உளவியலாளர் ஒரு தடவையும் தனித்தனியே பரிசோதித்தார்கள்.

விடை கொஞ்சம் எதிர்பாராதது. பிரசவத்தில் மிகக் கடுமையான சிக்கலுக்கு ஆளான குழந்தைகள் சிலருக்கு நிலையான பாதிப்பு இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மற்றவர்களில், அதே அளவு சிக்கலோடு பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று வசதியும் அமைதியும் உள்ள வீட்டில் வளர்ந்தால், இரண்டு வயதுக்குள்ளாகவே மற்றக் குழந்தைகளோடு கிட்டத்தட்ட சேர்ந்துவிட்டது. வறுமையும் சண்டையும் உள்ள வீட்டில் வளர்ந்த குழந்தையோ ரொம்பப் பின்தங்கியது. வயது ஏற ஏறப் பிரசவச் சிக்கலின் பிடி தளர்ந்தது, வீட்டின் பிடி இறுகியது. மருத்துவமனையில் ஆரம்பித்த கேள்வி இப்படித்தான் வீட்டுக்குள் வந்து நின்றது.

இனி அந்த முக்கியமான கணக்கு. வறுமை, பிரசவச் சிக்கல், வீட்டில் ஓயாத சண்டை அல்லது பிரிவு, பெற்றோருக்குக் குடிப்பழக்கம் அல்லது மனநோய், தாய்க்குப் படிப்பு மிகக் குறைவு. இவற்றைப் போன்ற ஆபத்துக் காரணிகள், இரண்டு வயதுக்குள் நான்கோ அதற்கு மேலோ சேர்ந்திருந்த குழந்தைகளைத் தனியாகப் பிரித்தார்கள். 201 பேர் வந்தார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்.

'நான்கு' என்ற எண்ணிக்கை இங்கே கவனிக்க வேண்டியது. ஒரே ஒரு ஆபத்து மட்டும் இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் தாங்கிக்கொள்கிறார்கள். ஏழை வீடுதான், ஆனால் அம்மாவும் அப்பாவும் ஒற்றுமை. அல்லது அப்பாவுக்கு நோய், ஆனால் கையில் காசும் பக்கத்தில் உறவும் இருக்கிறது. சுமை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும்போதுதான் முதுகு முறிகிறது. அதே காலத்தில் பிரிட்டனில் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் இதே முடிவுக்கு வந்தார்.

அந்த 201 பேரில் 129 பேருக்குப் பத்து வயதுக்குள்ளோ பதினெட்டு வயதுக்குள்ளோ கடுமையான சிக்கல்கள் வந்தன. கற்றலில் குறை, நடத்தைச் சிக்கல், போலீஸ் வழக்கு, மனநோய், பதின்ம வயதில் கர்ப்பம். எதிர்பார்த்ததுதான். மீதி 72 பேர் (42 பெண்கள், 30 ஆண்கள்) நன்றாகப் படித்தார்கள், வீட்டிலும் வெளியிலும் நன்றாகப் பழகினார்கள், எதிர்காலத்தைப் பற்றி நடக்கக்கூடிய திட்டம் வைத்திருந்தார்கள். பதினெட்டு வயது வரை இவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கற்றல் சிக்கலோ நடத்தைச் சிக்கலோ வரவே இல்லை. பழைய நேர்க்கோட்டின்படி பார்த்தால் இந்த 72 பேர் இருந்திருக்கவே கூடாது.

மீள்திறன் என்ற சொல்லின் பொருள் இங்கேதான் தெளிவாகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, உண்மையிலேயே கனமான துன்பம் இருக்க வேண்டும். இரண்டு, அதையும் மீறி வளர்ச்சி நன்றாக இருக்க வேண்டும். எல்லா வசதியோடும் வளர்ந்து நன்றாக இருக்கிற பிள்ளையை மீள்திறன் உள்ளவர் என்று ஆய்வாளர்கள் சொல்ல மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அது இல்லை என்று அர்த்தமில்லை. சோதித்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு பாலம் வெள்ளத்தைத் தாங்குமா என்பது வெள்ளம் வந்தால்தானே தெரியும்.

சரி, அந்த 72 பேரிடம் மற்ற 129 பேரிடம் இல்லாதது என்ன?

குழந்தையிடமே சில வித்தியாசங்கள் இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வயதில் அவர்களைப் பற்றித் தாய்மார்கள் சொன்னது: சுறுசுறுப்பு, சிரித்த முகம், எடுத்தால் ஒட்டிக்கொள்வது, தூக்கத்திலும் சாப்பாட்டிலும் அதிகத் தொல்லை இல்லை. பத்து வயதில் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக வாசித்தார்கள். பெரிய மேதைகள் என்றில்லை, இருக்கிற திறமையை நன்றாகப் பயன்படுத்தினார்கள். பலருக்குப் பிடித்தமான ஒரு பொழுதுபோக்கு இருந்தது, வீட்டில் புயல் அடிக்கும்போது போய் ஒதுங்கிக்கொள்ள ஓரிடம் போல.

இதைப் படித்ததும், 'பார்த்தீர்களா, பிறவிக் குணம்தான்' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சிரித்த முகத்தால் குழந்தைக்கு என்ன ஆகிறது? பக்கத்து வீட்டுப் பாட்டி எடுத்துக் கொஞ்சுகிறார். சித்தி தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். பள்ளியில் ஆசிரியர் கூடுதலாக ஐந்து நிமிடம் செலவழிக்கிறார். குழந்தையின் சுபாவம் ஒரு கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான் அதனால் முடியும். கதவுக்குப் பின்னால் ஒருவர் இருக்க வேண்டும். அவர் திறக்கவும் வேண்டும்.

கவாய் ஆய்வில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த கண்டுபிடிப்பு இதுதான்: அந்த 72 பேருக்கும், முதல் சில ஆண்டுகளில் தன்னை ஏற்று அன்போடு கவனித்துக்கொண்ட ஒருவராவது இருந்தார். ஒரே ஒருவர் போதுமாக இருந்தது. அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பல வீடுகளில் அம்மாவே நோயாளி, அல்லது அம்மா வீட்டிலேயே இல்லை. தாத்தா, பாட்டி, அத்தை, அண்ணன், அக்கா, தினமும் வந்து பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார்.

வெர்னர் எழுதிய ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். குறைமாதத்தில் பிறந்தவன். பெற்றோர் இருவருமே பதின்ம வயது. முதல் மூன்று வாரம் தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்தான். அவன் பிறந்த உடனே அப்பா ராணுவத்தோடு தென்கிழக்கு ஆசியாவுக்குப் போய்விட்டார், திரும்பி வர இரண்டு ஆண்டுகள் ஆயின. அவனுக்கு எட்டு வயதாவதற்குள் மூன்று தம்பி தங்கைகள், பெற்றோர் விவாகரத்து, அம்மா தீவை விட்டே போய்விட்டார், அப்புறம் பிள்ளைகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆபத்துப் பட்டியலில் இவன் பெயர் மேலேயே இருக்கும். ஆனால் அப்பாவோடு சேர்ந்து வயதான தாத்தாவும் பாட்டியும் நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார்கள். பதினெட்டு வயதில் அவன் நன்றாகப் படிக்கிற, நண்பர்களுக்குப் பிடித்த, தன் மேல் நம்பிக்கை உள்ள இளைஞன். தாத்தா பாட்டியை எடுத்துவிட்டு இந்தக் கதையை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

இதில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரு வித்தியாசத்தையும் வெர்னர் கவனித்தார். நன்றாக வந்த பெண்களின் வீடுகளில், அவர்களைச் சுயமாக முடிவெடுக்க விட்டார்கள்; கூடவே அம்மாவோ பாட்டியோ அத்தையோ உறுதியாகப் பின்னால் நின்றார்கள். நன்றாக வந்த ஆண்களின் வீடுகளில் ஒழுங்கும் கட்டுப்பாடும் இருந்தன, பின்பற்றுவதற்கு ஓர் ஆண் (அப்பா இல்லாவிட்டால் தாத்தாவோ மாமாவோ) இருந்தார், அதோடு பையன் அழுவதையோ மனதில் உள்ளதைச் சொல்வதையோ யாரும் தடுக்கவில்லை. 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா' என்று கேட்கிற வீடுகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இந்தக் கடைசி வரி முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்று, பொறுப்பு. இந்தப் பிள்ளைகளில் பலர் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார்கள், அல்லது வீட்டு வேலையில் பங்கெடுத்தார்கள். தான் இல்லாவிட்டால் ஒரு வேலை நடக்காது என்று தெரிவது குழந்தைக்கு ஒரு பிடிமானம். ஆனால் சுமைக்கும் பொறுப்புக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தம்பிக்குச் சோறு ஊட்டுவது பொறுப்பு. எட்டு வயதில் வீட்டையே தாங்குவது சுமை.

வீட்டுக்கு வெளியே? பிடித்த ஓர் ஆசிரியர். தேவாலயக் குழு. இளைஞர் மன்றம். நண்பனின் அம்மா. பெரியவர்களான பிறகு இவர்களிடம் கேட்டபோது, பாடம் நடத்துவதோடு நிற்காமல் தன்னிடம் அக்கறையோடு பேசிய ஆசிரியரைப் பலர் நினைவு வைத்துச் சொன்னார்கள். வீட்டில் எல்லாமே தாறுமாறாக இருக்கும் பிள்ளைக்குத் தினமும் ஒரே நேரத்தில் மணி அடிக்கிற, ஒரே முகம் வந்து நிற்கிற பள்ளி எப்படி இருக்கும் என்று யோசித்தால் இது புரியும்.

இவற்றையெல்லாம் பாதுகாப்புக் காரணிகள் என்கிறார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் இங்கே ஒரு நுணுக்கத்தைத் தவறவிடுவதுண்டு. சோறு எல்லாருக்கும் எந்நாளும் நல்லது. குடை மழை பெய்தால்தான் உதவும். குழந்தைக்கு நல்லது செய்கிற விஷயங்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. சில, எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படுகிறவை. வேறு சில, துன்பம் இருக்கும் இடத்தில்தான் பெரிய வேலை செய்கின்றன. அமைதியான வீட்டில் வளர்கிற பிள்ளைக்குப் பாட்டி கூட இருப்பது ஒரு சந்தோஷம். தாய் மனநோயால் படுத்திருக்கும் வீட்டில் அதே பாட்டிதான் முழுக் கூரை. ரட்டர் இந்த வேறுபாட்டை வலியுறுத்தினார்: ஒரு காரணி பாதுகாக்கிறதா என்பது, அது எதற்கு எதிராக நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

இதுவரை பதினெட்டு வயதுக் கதை. அந்த 129 பேர்? அவர்களை விட்டுவிட முடியுமா? வெர்னரும் ஸ்மித்தும் விடவில்லை.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நாம் சொல்வோம். கவாயில் அது முப்பதில் வளைந்தது, நாற்பதிலும் வளைந்தது. பதின்ம வயதில் தடம் புரண்டவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளின் தொடக்கத்துக்கு வரும்போது தேறியிருந்தார்கள். இளம் வயதிலேயே தாயான பெண்களில் பலர் திரும்பப் படிக்கப் போயிருந்தார்கள், வேலையில் இருந்தார்கள். சட்டத்தோடு மோதிய பையன்களில் பெரும்பாலோர் பெரியவர்களான பிறகு குற்றத்தின் பக்கம் போகவில்லை. எது திருப்பியது? வயது வந்தோருக்கும் கதவைத் திறந்து வைத்திருந்த சமுதாயக் கல்லூரி. ராணுவத்தில் கிடைத்த பயிற்சியும் ஒழுங்கும். நிதானமான ஒரு துணையோடு திருமணம். ஒரு சமயக் குழுவில் கிடைத்த இடம். சிலருக்கு, சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பிய ஒரு நோயோ விபத்தோ. மனநல சிகிச்சைக்குப் போனவர்கள் இதில் மிகச் சிறு பங்குதான். மருத்துவ உளவியலாளர் ஒருவர் இணைந்து நடத்திய ஆய்விலேயே இப்படி வந்து, அதை அவர்கள் ஒளிக்காமல் எழுதியதை நான் மதிக்கிறேன்.

தேறாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் கடுமையான மனநோய் உள்ளவர்கள், அல்லது குடிக்கு அடிமையான பெற்றோரிடம் வளர்ந்து தாங்களும் அதில் சிக்கியவர்கள். இரண்டாவது வாய்ப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை.

அந்த 72 பேர் நாற்பது வயதில்? அவர்களில் வேலையில்லாதவர் யாரும் இல்லை. சட்டத்தோடு மோதியவர் இல்லை. அரசு உதவித்தொகையை நம்பி வாழ்ந்தவர் இல்லை. இத்தனைக்கும், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1992 செப்டம்பரில், இனிக்கி என்ற சூறாவளி கவாய்த் தீவைப் புரட்டிப் போட்டிருந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். வெர்னரும் ஸ்மித்தும் 1982-இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பில் இந்தக் குழந்தைகளை 'வெல்ல முடியாதவர்கள்' என்று குறித்திருந்தார்கள். அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. ஆனால் முப்பதுகளில் அதே மனிதர்களைச் சந்தித்தபோது வேறு சில விஷயங்களும் தெரிந்தன. சிலருக்கு ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்ற, மன அழுத்தத்தோடு தொடர்புடைய உபாதைகள். சிலரிடம் நெருங்கிய உறவுகளில்கூட ஒரு விலகல். நோயோடும் குடியோடும் இருந்த பெற்றோரிடமிருந்து மனதளவில் ஒதுங்கி நின்றதால்தான் அவர்கள் தப்பினார்கள்; அந்த ஒதுங்கல் பழக்கமாகி, பின்னாளில் மற்ற உறவுகளிலும் கூட வந்தது. வெல்ல முடியாதவர் என்று யாரும் இல்லை.

இந்த இடத்தை ஆழமாகத் தோண்டியவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவ உளவியலாளர் சுனியா லூதர். 1991-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஏழ்மையான நகரப் பகுதியில் வளர்ந்த பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. கடும் நெருக்கடிக்கு நடுவிலும் பள்ளியில் நன்றாகச் செய்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அதே அளவு நன்றாகச் செய்த, ஆனால் நெருக்கடி குறைவான பிள்ளைகளோடு ஒப்பிட்டார். வெளியே இரு தரப்பும் ஒன்றுதான். உள்ளே, நெருக்கடியில் வளர்ந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. மதிப்பெண் பட்டியலைப் பார்த்து 'இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு!

இதிலிருந்து வந்த திருத்தம் இப்போது இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். மீள்திறன் ஒருவரிடம் 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று சொல்லக்கூடிய குணம் அல்ல. அது ஒரு செயல்முறை, காலத்தோடு மாறுவது. ஒரே பிள்ளை படிப்பில் மீண்டிருக்கலாம், மனதில் மீளாமல் இருக்கலாம். பத்து வயதில் நிமிர்ந்து நின்றவர் இருபதில் சாயலாம், முப்பதில் மறுபடி எழலாம். 2000-இல் லூதரும் சக ஆய்வாளர்களும் எழுதிய விமர்சனக் கட்டுரை இந்தக் குழப்பங்களைப் பிரித்து வைத்தது. மினசோட்டாவில் ஆன் மாஸ்டன் என்ற உளவியலாளர் இன்னொரு பக்கத்திலிருந்து அதையே சொன்னார்: மீள்திறனில் அபூர்வமான எதுவும் இல்லை, பாசம், கற்றல், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன், நம்பிக்கையான பெரியவர்கள் என்று எல்லாக் குழந்தைக்கும் வேண்டிய சாதாரண விஷயங்கள்தான் அதைச் செய்கின்றன. அந்தச் சாதாரணங்கள் அழிந்தால் எந்தக் குழந்தையும் தாங்காது.

கவாய் ஆய்வுக்கு எல்லைகள் உண்டு. ஒரே தீவு, ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்கள், 1955. அத்தை மாமா தாத்தா பாட்டி எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருந்த காலம். பெருநகர அடுக்குமாடியில் அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. தவிரவும் இது கூடவே நடந்து கவனித்த ஆய்வு. யாருக்கும் எதையும் கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல. பாட்டி இருந்த வீட்டில் பிள்ளை நன்றாக வந்தது என்று தெரியும். பாட்டியால் மட்டும்தானா என்று இந்த ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பிற்காலத்தில் வேறு நாடுகளில் நடந்த நெடுங்கால ஆய்வுகளிலும் அக்கறையுள்ள ஒரு பெரியவரின் இடம் திரும்பத் திரும்பத் தெரிந்ததால்தான் நம்பிக்கை கூடியது.

எனக்கு இதில் ஒரே ஒரு கவலை. மீள்திறன் என்ற சொல் தவறான கைகளில் ஒரு சாக்காகிவிடுகிறது. 'பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்' என்று சொல்லிவிட்டு, தாங்க வேண்டிய சுமையைக் குறைக்காமலே போய்விடலாம். 201 பேரில் 72 என்பதை வெற்றிக் கணக்காக மட்டும் வாசித்தால், 129 குழந்தைகளின் குழந்தைப் பருவம் கண்ணில் படாமல் போகும். நன்றாக வராத பிள்ளையிடம் ஏதோ குறை என்றும் ஆகிவிடும். உண்மையில் அந்தப் பிள்ளை தட்டிய கதவுகளுக்குப் பின்னால் யாரும் இல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்த அறிவு குழந்தை நல மருத்துவத்தில் நடைமுறையில் என்ன மாற்றுகிறது? குழந்தையைப் பார்க்கிற உளவியலாளர், என்ன தவறு நடந்தது என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. பயமாக இருந்தால் யாரிடம் போவாய், பள்ளியில் உனக்குப் பிடித்தவர் யார், வீட்டில் உன்னை நம்பி விடுகிற வேலை எது என்றும் கேட்கிறார். பதிலில் ஒரு பெயர் வந்தால், அந்த நபரை எப்படிச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது என்று யோசிக்கிறார். பெயரே வராவிட்டால் அதுவும் ஒரு அறிகுறிதான், காய்ச்சல் மாதிரி.

அப்புறம் அந்த ஒருவரைப் பற்றிய கேள்வி. குழந்தையைத் தாங்குகிறவரை யார் தாங்குவது? லூதர் தன் கடைசி ஆண்டுகளில் இதைத்தான் துருவினார். பெரும்பாலும் அந்த ஒருவர் தாய்தான், அவர் தளர்ந்தால் வீடே தளர்கிறது. அரிசோனாவில் மேயோ கிளினிக்கில், மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் 40 தாய்மார்களை எடுத்துக்கொண்டார். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 12 வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம், சிறு குழுவாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசினார்கள். வேறு மருந்து இல்லை, பயிற்சிப் பட்டறை இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மற்றப் பாதியைவிட அவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவும் இறங்கியிருந்தது. 2017-இல் வெளியான ஆய்வு இது. அந்த வாராந்திர ஒரு மணி நேரத்தை அவர்கள் தங்கள் ஓய்விலிருந்து எடுக்க வேண்டியிருக்கவில்லை. வேலை நேரத்திலேயே ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள்.